எருதை வித்தா போதும்

கூரம்பில்லா ஊரில் செவ்வாய்க்கிழமை யாரும் சாவதில்லை. செத்தால் அடக்கத்துக்கு ஆள் வராது. அன்று மாட்டுச் சந்தை. பட்டிகளுக்கு மேலே ஆள் நடக்கப் போட்ட பலகைப் பாதையில் நின்று, கீழே நிற்கும் மாட்டையும் எதிரே நிற்கும் மனிதனையும் ஒரே பார்வையில் எடை போட்டு இருபது வருஷம் ஏலம் விட்டவன் பிரின் டோல்ஹர்ஸ்ட். தொப்பி விளிம்பைத் தொட்டால் யார் விலை கேட்கிறார், தொண்டையைச் செருமினால் யார் விலகுகிறார் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மாடு விரட்டும் போட்டியில் அவன் குதிரை இடறி விழுந்தது. குதிரை எழுந்துகொண்டது. பிரினுக்குக் கழுத்தெலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கிவிட்டது. மார்புக்குக் கீழே உடம்பு அவன் பேச்சைக் கேட்பதில்லை. தோளும் கையும் அசையும், விரல்கள் மடங்காது. அவ்வப்போது தசை இழுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வலது கை விருட்டென்று மேலே போகும். மூச்சு பாதிதான். ஏலக்காரனுக்கு மூச்சுதான் முதல். முதல் போனவன் கடையை மூட வேண்டியதுதானே. மூடினான். கூட்டாளி லீத் பலகை மேல் ஏறினான், பிரின் அலுவலகத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தொலைபேசியில் வியாபாரம் பார்த்தான்.

இதையெல்லாம்கூட அவன் பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாதது வேறொன்று. யாரும் அவனிடம் பேரம் பேசுவதில்லை. என்ன விலை சொன்னாலும் "சரி பிரின்" என்றார்கள். ஒரு தடவை வேண்டுமென்றே அநியாய விலை சொல்லிப் பார்த்தான். அதற்கும் "சரி பிரின்." அப்பனிடமும் தாத்தனிடமும் பேரம் கற்று வளர்ந்தவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. தன்னை உயிரோடு புதைத்துவிட்டு ஊரே மரியாதையாகத் தொப்பியைக் கழற்றி நிற்பதுபோல் இருந்தது.

அந்தச் சந்தையில் வருஷத்துக்கு ஒரு நாள் தர்ம எருது வரும். ஒருவர் இலவசமாகக் கொடுப்பார். ஏலத்தில் எடுத்தவர் பணத்தைத் தர்மத்துக்குக் கட்டிவிட்டு "திரும்ப வை" என்பார். மாடு அங்கேயே நிற்கும், மறுபடி ஏலம். இப்படி ஒரே எருதை ஒரே மதியத்தில் பாதி மாவட்டம் விலைக்கு வாங்கிவிடும். இந்த வருஷம் பணம் தண்டுவடக் காயத்துக்கு மருந்து தேடும் ஆராய்ச்சிக்கு. எருதைக் கொடுத்தவள் கோரல் பென்டிகாஸ்ட். புருஷன் போன பிறகு தனியாகப் பண்ணை நடத்துகிறவள், வாயில் முள்கம்பி.

ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஓஃபா என்ற டோங்கா நாட்டுப் பெண் வந்திருந்தாள். ஏலத்துக்கு முன்னால் ஒலிபெருக்கியைப் பிடித்து விளக்கினாள். "மூக்குக்குள்ள இருக்கிற நரம்பு சாகச் சாகப் புதுசா வளரும். அதுக்குத் துணையா இருக்கிற செல்லை எடுத்து வளர்த்து, முதுகுத்தண்டுல அறுந்த இடத்துல பாலம் மாதிரி வைக்கிறோம்."

பட்டிக் கம்பியில் சாய்ந்திருந்த வெர்ன் ஹாலக் பிரினைக் காட்டிக் கேட்டார். "வச்சா, இவன் எழுந்து நடப்பானா?" வெர்ன் அந்தப் பக்கத்தில் பெரிய கை. தர்ம எருதுப் பக்கம் அவர் கை மட்டும் எந்த வருஷமும் நீண்டதில்லை.

"சொல்ல முடியாதுங்க. இப்பதான் மனுஷங்ககிட்ட சோதிக்கவே தொடங்குறோம். சிலருக்கு விரல் அசையலாம். ஒண்ணுமே ஆகாமலும் போகலாம்."

கூட்டம் கொஞ்சம் சுருங்கியது. பிரினுக்கோ அவளைப் பிடித்துப்போயிற்று. மாட்டின் நொண்டிக் காலை முதலில் காட்டுகிற வியாபாரியிடம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

லீத் பலகை மேல் ஏறுவதற்குள் பிரின் அவனைப் பிடித்தான். "டேய், எருதை வித்தா போதும். என்னை விக்காதே."

"சரி பிரின்" என்றான் லீத்.

அந்தச் "சரி"க்கு என்ன மதிப்பு என்பது உடனே தெரிந்தது. "நண்பர்களே, நம்ம பிரின் ஒரு காலத்துல எப்படிப்பட்ட ஆளா இருந்தான்னு உங்களுக்கே தெரியும்" என்று லீத் தொடங்கினான். இருந்தான், செய்தான், சிரிப்பான் என்று எல்லாம் போன காலத்தில் போய்க்கொண்டிருந்தது. ஆட்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். பூட்ஸைப் பார்க்கிறவன் கையைத் தூக்கமாட்டான் என்பது இருபது வருஷப் பாடம். இரண்டாயிரம் டாலர் வரை கோரல் ஒருத்தியே தள்ளிக்கொண்டு வந்தாள், அதற்கு மேல் வண்டி நகரவில்லை.

"இரண்டாயிரத்து நூறு, யாராவது, பிரினுக்காக" என்று லீத் கெஞ்சினான். அந்த நேரம் பார்த்துத் தசை இழுத்தது. பிரினின் வலது கை விருட்டென்று மேலே போனது. அசைவதையெல்லாம் ஏலக் கேள்வியாகப் பார்ப்பது ஏலக்காரன் கண்ணின் வியாதி. லீத்தின் கண் கண்டது, வாய் முடித்தது.

"டோல்ஹர்ஸ்டுக்கு!"

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. முகம் சிவந்துவிட்டது. "பிரின், மன்னிச்சுக்க. அது சேர்த்தி இல்ல."

"ஏன் இல்ல? கை தூக்குனேன்ல?"

"நீ எங்க தூக்குன? அதுவா..."

"யார் கைடா அது? என் கைதானே?"

கோரல் குறுக்கே வந்தாள். "ஏம்ப்பா லீத், போன வருஷம் நான் ஈ ஓட்டுனதுக்கு நாப்பது ஆட்டை என் தலையில கட்டுனியே, அன்னைக்கு இந்த இரக்கம் எங்க போச்சு?"

சிரிப்பு ஒன்று கம்பி ஓரமாக ஓடியது. அன்று அந்தப் பட்டியில் கேட்ட முதல் சிரிப்பு. பிரின் அதை விடவில்லை.

"எருது என்னோடது. பணம் கட்டுறேன். திரும்ப வை" என்றான். "ஆனா இந்தத் தடவை நான் விக்கிறேன். மேலேயிருந்து."

பலகைப் பாதைக்குப் படிதான் உண்டு. மறுகோடியில் லாரியில் மாடு ஏற்றும் சரிவு ஒன்று அதோடு சேரும். பிரின் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பினான்.

"அதுலயா?" என்றான் லீத்.

"எத்தனை ஆயிரம் மாட்டை இதுல ஏத்தியிருக்கேன். ஒண்ணாவது படி கேட்டுச்சா?"

"மாடு விரட்டுற மின்குச்சி கொண்டாரவா?" என்றாள் கோரல்.

"வேண்டாம், நான் சாது."

பாதிச் சரிவில் சாணத்தில் சக்கரம் வழுக்கியது. இரண்டு பேர் ஓடிப்போய்த் தோள் கொடுத்தார்கள். "பின்னால நிக்காதீங்கப்பா, உதைச்சாலும் உதைக்கும்" என்று யாரோ கத்தினார்கள். பிரின் மேலே போய்ச் சேர்ந்தபோது சட்டை நனைந்திருந்தது. கீழே தொப்பிகள் தெரிந்தன. மூன்று வருஷமாகத் தொப்பிகளை அவன் கீழேயிருந்தே பார்த்துக்கொண்டிருந்தான்.

பழைய வேகத்தில் தொடங்கினான். எண்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடும் அந்த வேகம். ஒரே வரியில் மூச்சு தீர்ந்தது. கடைசி எண் விசிலாகத்தான் வந்தது. கூட்டம் மறுபடி பூட்ஸைத் தேடியது. லீத் ஒலிபெருக்கிக்குக் கை நீட்டினான். பிரின் பார்த்த பார்வையில் கை திரும்பிப் போனது.

மூச்சு சேரக் காத்திருக்க வேண்டியிருந்தது. சும்மா இருப்பானேன் என்று கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற கறிக்கடைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் நெளிந்தார். தொப்பியைச் சரிசெய்தார். கடைசியில் தாங்கமாட்டாமல் தலையை அசைத்துவிட்டார்.

பிரினுக்குப் பொறி தட்டியது. இருபது வருஷமாக வாங்குகிறவனுக்கு யோசிக்க நேரம் கொடுக்காமல் விற்றிருக்கிறான். நேரம் கொடுத்தால் வாங்குகிறவன் இன்னும் பயப்படுகிறான்.

அதன் பிறகு ஒரு எண் சொல்வான், ஒரு ஆளைப் பார்ப்பான், மூச்சு சேரும்வரை கண்ணை எடுக்கமாட்டான். கோரல் ஏற்றினாள், கறிக்கடைக்காரர் ஏற்றினார். பிரின் பார்வை வெர்ன் ஹாலக்கிடம் போய் நின்றது. இடது கட்டைவிரல் இடுப்புவாரை விட்டு வெளியே வந்தால் வெர்ன் கேட்கிறார் என்று அர்த்தம். விரல் உள்ளேயே இருந்தது.

"வெர்ன்," என்றான் பிரின். மூச்சு விட்டான். "கோரல் இதை எடுத்தா, உங்க ரெண்டு பேர் வேலி ஓரத்துலதான் மேய விடுவா." இன்னொரு மூச்சு. "தினமும் காலையில நீங்க டீ குடிக்கிறப்ப, ஜன்னல்ல வந்து எட்டிப் பார்க்கும்."

அந்த எல்லை வேலித் தகராறில் இருவரும் பேசாமல் இருப்பது ஊரறிந்த விஷயம். கட்டைவிரல் வெளியே வந்தது. கோரல் ஏற்றினாள். விரல் மறுபடி வந்தது.

"ஹாலக்குக்கு!"

வெர்ன் எருதைச் சுற்றிப் பார்த்தார். வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டால் தர்மம் அங்கேயே நிற்கும். போவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"விலை ஜாஸ்தி" என்றார் வெர்ன். "திரும்ப வை. எனக்கு இதோட மூஞ்சி பிடிக்கல."

பிறகு யாராலும் தடுக்க முடியவில்லை. எருதே அலுத்துப்போய்ப் படுத்துக்கொண்டது. படுத்தபடியே விலை ஏறியது. கறிக்கடைக்காரர் வாங்கினார், பள்ளிக்கூடத்துக்காரர்கள் கூட்டாக வாங்கினார்கள், லீத் பிராயச்சித்தமாக ஒரு தடவை வாங்கினான். கடைசியில் கோரல் தான் கொடுத்த எருதைத் தானே விலைக்கு எடுத்து, "இனி இது கத்தியைப் பார்க்காது" என்று வீட்டுக்கு ஓட்டினாள். ஓஃபா தொகையைக் கேட்டாள், நம்பாமல் இன்னொரு தடவை கேட்டாள். "அடுத்த தடவை அரசாங்கத்துக்கிட்ட மானியம் கேக்கப் போறப்ப உங்களைக் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்றாள்.

"அவங்க கையைத் தூக்குற ஆளுங்களா?"

"பூட்ஸைப் பார்க்கிற ஆளுங்க."

"அப்ப வர்றேன்."

சரிவில் இறங்கி வண்டியை நோக்கிப் போனபோது வெர்ன் பக்கத்தில் வந்து நடந்தார். பாராட்டவில்லை. "அடுத்த செவ்வாய் எண்பது மாடு அனுப்புறேன். லீத் வேண்டாம், அவன் ஈயைப் பார்த்து விலையை முடிப்பான். நீயே வித்துக் குடு. கமிஷன் என்ன?"

"நாலு சதவீதம்."

பிரின் காத்திருந்தான். "சரி பிரின்" வரப்போகிறது என்று நினைத்தான்.

"நாலா?" என்றார் வெர்ன். "படியேற வக்கில்ல, ஒரு விலை சொல்றதுக்குள்ள ரெண்டு தடவை மூச்சு வாங்குறே, உனக்கு நாலா? மூணு."

மூன்று வருஷத்தில் இவ்வளவு இனிமையான பேச்சு பிரின் காதில் விழுந்ததில்லை. நாற்காலியில் நிமிர முடிந்த மட்டும் நிமிர்ந்தான்.

"மாடு ஏறுற வழியில ஏறி வந்து விக்கிறேன். அதுக்கு அரை கூட்டணும். நாலரை."

"கொள்ளைக்காரன். மூணே கால்."

"வண்டியில ஏறப் போறேன், வெர்ன். நாலு."

வெர்ன் துப்பினார், முனகினார், கிளம்புவதுபோல் இரண்டடி போனார், திரும்பி வந்தார். மடங்காத விரல்களோடு கிடந்த அந்தக் கையை எடுத்து, மற்ற எந்த வியாபாரியின் கையைக் குலுக்குவாரோ அதே முரட்டுத்தனமாகக் குலுக்கினார்.

"நாலு. ஆனா அந்த வேலி விஷயத்தை இனிமே ஏலத்துல இழுக்கக் கூடாது."

"அதுக்குத் தனி ரேட்டு" என்றான் பிரின்.