கூரையில் நின்ற பிள்ளை

“அக்கா, இப்ப படம் வருதோ?”

கூரையிலிருந்து நிசாந்தன் கத்தினான். சுரேகா ரீவிப் பக்கம் திரும்பவில்லை. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அப்பாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து அவருக்கு எதையும் விழுங்க முடியவில்லை.

“தம்பி எங்கை?” என்றார் அப்பா. காற்றுத்தான் வந்தது, சொல்லை அவள் உதட்டசைவில் பிடித்துக்கொண்டாள்.

“இப்ப வந்திடுவான், அப்பா.”

வவுனியாவில் வேலை பார்க்கும் தம்பி வெள்ளிக்கிழமை வந்தபோது, கையோடு நீளமான அன்ரெனாவும் பூஸ்டரும் கொண்டுவந்தான். வாசலில் நின்றபடியே அப்பாவை ஒருதரம் பார்த்தான். பிறகு ஏணியைத் தேடிப் போய்விட்டான். பூஸ்டரைப் பூட்டியதும், அதுவரை ஓரளவு தெரிந்த படமும் கோடு கோடாய் இழுபட்டது.

“கொக்காவில் கோபுரம் இந்தா பக்கத்தில. சிக்னல் கூடிப்போய்த்தான் இழுக்குது. பழைய சின்ன அன்ரெனாவே போதும். பூஸ்டரைக் கழட்டு,” என்றாள் சுரேகா.

“உனக்கென்ன தெரியும்?”

சனிக்கிழமை கிளிநொச்சிக்குப் போய் இன்னும் பெரிய பூஸ்டராய் மாற்றி வந்தான். ஞாயிறு காலை குழாயைப் பத்தடி உயர்த்தினான். கட்டிலருகே போட்டிருந்த கதிரையில் ஒருதரமும் வந்து இருக்கவில்லை.

அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்கியது. பிறகு ஏறவில்லை.

“இப்ப? கொஞ்சம் தெளிவோ?”

சுரேகா பஞ்சைக் கீழே வைத்தாள். அப்பாவின் கண்களை மூடினாள். வாயை மூடி நாடியைச் சேர்த்துத் துணியால் கட்டினாள். இடுப்புச் சாரத்தைச் சரிசெய்தாள்.

“அக்கா! காது கேக்கேல்லையோ?”

கத்தட்டும் என்று விட்டாள். கைகால்களை நேராக்கி முடித்த பிறகுதான் முற்றத்துக்கு வந்தாள்.

“இறங்கி வா. அப்பா போயிட்டார்.”

மறுநாள் செத்தவீட்டில் கமலாட்சிச் சித்தி வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். “தேப்பன் ரீவி பாக்கவேணும் எண்டு கடைசி மட்டும் வெயிலுக்குள்ள கூரையில நிண்ட பிள்ளை. இப்பிடிப் பிள்ளை ஆருக்குக் கிடைக்கும்?”

நாலாவது தரம் அதைக் கேட்டதும் சுரேகா எழுந்து நின்றாள்.

“அவர் ரீவி கேக்கேல்லை, சித்தி.”

தலைமாட்டில் நின்ற நிசாந்தன் நிமிர்ந்தான்.

“அவர்தானே போனில சொன்னவர், ரீவி வேலை செய்யேல்லை எண்டு.”

“ஓம், சொன்னவர். சும்மா வா எண்டால் நீ வரமாட்டாய் எண்டு அவருக்குத் தெரியும். மூண்டு நாளும் உன்னைத்தான் கேட்டவர். மூண்டு நாளும் நான் பொய் சொன்னனான், இந்தா வாறான் எண்டு.”

அவன் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“எனக்கு அவற்ற முகத்தைப் பாக்கேலாமக் கிடந்தது, அக்கா.”

“நான் பாத்தனான்.”

பெட்டியை மூடித் தூக்கினார்கள்.

சுடலையிலிருந்து திரும்பிய ஆண்கள் கிணற்றடியில் தோய்ந்துவிட்டு ஒவ்வொருவராய்ப் போனார்கள். நிசாந்தன் மட்டும் ஈரவேட்டியோடு நின்றான். மழித்த தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. குசினி அடுப்படியில் நின்று சுரேகா சற்று நேரம் பார்த்தாள். ஈரம் துடைக்கத் துவாய் ஒன்றை எடுத்து வந்தாள். அதை அவன் கையில் கொடுக்கவில்லை. கொடியில் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள்.