முன்கூட்டி வந்த ஏப்ரல்

புது நிர்வாக இயக்குநர் பொறுப்பேற்ற வருஷம், அந்த மோட்டார் கம்பெனியிலும் அதில் சம்பளம் வாங்குகிறவர்களின் வீடுகளிலும் டிசம்பரிலேயே கோடை வந்துவிட்டது. ஊரில் மற்றவர்கள் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள்.

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. அங்கே லாபக் கணக்கு எப்போதுமே தலைமையில் இருப்பவரின் குணப்படிதான் நடக்கும். காலமும் கணக்கின் பின்னாலேயே போகும். முந்தைய இயக்குநர் வெயிலடிக்கும்போதும் குடையோடு வருகிற பயந்த மனிதர். நல்ல வருஷத்து லாபத்தில் பாதியை அமுக்கி அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிடுவார். அவர் காலத்தில் கர்ப்பிணிகளுக்குப் பத்து மாதம் தாண்டித்தான் வலி எடுத்தது, கிழவர்கள் சாவதைத் தள்ளிப்போட்டார்கள். புதியவர் நேர் எதிர். சொந்த மகளிடம் கேரம் ஆடித் தோற்றால்கூட முகம் தொங்கிப்போகும். ஆண்டறிக்கையில் தன் படம் முழுப் பக்கத்துக்கு வர வேண்டும், லாபக் கோடு மேலே மட்டுமே ஏற வேண்டும். டிசம்பரோடு முடியும் அந்தக் கணக்கு வருஷத்தில் விற்பனை படுத்துவிட்டது. கிடங்கைவிட்டு நகராத மோட்டார்களுக்கெல்லாம் பில் போட்டு, வரும் வருஷத்து விற்பனையை இப்போதே எழுதச் சொன்னார். ஜனவரியை எழுதினார்கள், ஜனவரி வந்தது. பிள்ளைகளுக்குப் பால் பற்கள் முன்னதாகவே விழுந்தன.

தலைமைக் கணக்காளர் ஒரு பெண். அவள் கணவருக்கு ஈரலில் புற்று. ஏப்ரலைத் தாண்ட மாட்டார் என்று டாக்டர் கைவிரித்திருந்தார். மார்ச்சோடு நிறுத்திக்கொள்ளும்படி இயக்குநரிடம் கெஞ்சினாள். அவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே கண் கலங்கினார்.

“மார்ச் வரைக்கும் எடுத்தா பத்தலையேம்மா,” என்றார். “கோடு கீழ இறங்கிடும்.”

வேலையை உதறலாம், ஏப்ரல் முன்கூட்டி வீட்டுக்கு வராது. ஆனால் கம்பெனி கட்டும் மருத்துவக் காப்பீடு போய்விடும், வலிக்கு ஊசி போடவும் வழியிருக்காது. வலியோடு ஏப்ரல் வரையா, வலியில்லாமல் இந்த ஒரு வாரமா என்று அவள் கணவரிடமே கேட்டுவிட்டாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் ஏப்ரல் பில்களில் கையெழுத்துப் போட்டாள்.

வீடு திரும்பியபோது அவர் போர்வையை உதைத்துத் தள்ளியிருந்தார்.

“போட்டுட்டியா?”

“போட்டுட்டேங்க.”

“அதானே பார்த்தேன், என்ன புழுக்கம். ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வை.”

கூட்டிவைத்துவிட்டு, அவர் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். வாரக் கடைசியில் அவர் போய்விட்டார். இயக்குநர் மலர் வளையத்தோடு வந்தார். கோடு ஏறியது.

கம்பெனிக்காரர்களுக்கு டிசம்பர் முடிந்ததும் மே பிறந்தது. வாடகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அதற்குத் தகுந்தபடி பேசி முடித்துக்கொண்டார்கள். கணவரோடு இருக்கலாம் என்று அவள் நம்பியிருந்த நாட்களெல்லாம் நடுவில் விடுபட்ட மாதங்களில்தான் இருந்தன. மே மாத முதல் வேலை நாளில், எல்லோரையும் போல அவளும் புதுக் காலண்டரில் நாலு தாளைச் சேர்த்துக் கிழித்துப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.