அவரவர் கையால்

பாபநாசத்தில் கார்கள் பெருகுவதைப் பார்த்து நெடுமாறன் மெயின் ரோட்டில் கார் வாஷ் தொடங்கினான். தண்ணீரும் நுரையும் அவன் தருவான். வண்டியை அவரவரே கழுவிக்கொள்ள வேண்டும்.

அவன் அம்மா பொன்னுத்தாய் முன்பு நடவுக்குப் போன பண்ணையின் சொந்தக்காரர் ஒருநாள் காரில் வந்தார். இறங்காமலே, "கழுவுடா" என்றார்.

"இங்க அவங்கவங்களே கழுவிக்கணுங்க. வாங்க, பைப்பை எப்படிப் பிடிக்கிறதுன்னு காட்டுறேன்."

"நீ இருக்கறப்ப நான் கழுவணுமா?"

நெடுமாறன் அசையவில்லை. அவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த பொன்னுத்தாய் ஓடிவந்து பைப்பை எடுத்தாள். "தெரியாம பேசிட்டான் ஐயா. நான் கழுவுறேன்."

"விடும்மா" என்று அவன் மோட்டாரை நிறுத்தினான். அவள் மகன் முகத்தைப் பார்க்காமல், அதற்குள் காரில் அடித்திருந்த நுரையை முந்தானையால் துடைத்தாள்.

அதற்குப் பிறகு அந்தப் பண்ணை வீட்டுக் கார்கள், பொன்னுத்தாய் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தன.