கறுப்புச் சுவரில் ஒரு கை

என் மகள் மஹீரா எதையும் தொடுவதில்லை. அவளுடைய அம்மா இறந்ததிலிருந்து இப்படித்தான்.

சட்டையின் கையை விரல் நுனி வரை இழுத்து மூடிக்கொள்வாள். சோற்றை ஸ்பூனால் சாப்பிடுவாள். பக்கத்து வீட்டுப் பூனை காலில் வந்து உரசினால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். அடிக்கடி கை கழுவுவாள். சுத்தமாக இருக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். சாலையைக் கடக்கும்போது அவள் மணிக்கட்டைச் சட்டைத் துணியோடு சேர்த்துப் பிடிப்பேன். அதற்கு மட்டும் சம்மதிப்பாள். அவளுக்கு ஆறு வயது.

பள்ளியில் ஜெனிஃபர் மிஸ் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார்.

"களிமண்ணுல உருண்டை புடிக்கச் சொன்னா, எழுந்து பைப்பாண்ட போயிடுறா சார். எல்லாரும் கையக் கோத்துகினு வட்டமா நிக்கிற ஆட்டத்துல இவ மட்டும் வெளிய. ஏன்டா கண்ணுன்னு கேட்டா, என் கை சரியில்ல மிஸ்ங்குறா. காட்டச் சொல்லிப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு."

"உங்ககிட்டக் கையக் காட்டினாளா?"

"காட்டினா. தொட வுடல."

எனக்கு நெம்மேலியில் வேலை. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் தண்ணீரைச் சோதிக்கும் பிரிவு. வீடு செங்கல்பட்டில். திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், அங்கிருந்து கடற்கரைச் சாலை என்று தினமும் போய் வருவேன். மாமல்லபுரம் தாண்டியதும் குழந்தைகளுக்கான அருங்காட்சியகம் ஒன்றைப் புதிதாகத் திறந்திருந்தார்கள். வாசலில் பெரிய பலகை. 'இங்கே எல்லாவற்றையும் தொடலாம்.' அதைப் படிக்காமல் கடந்து போக ஒரு நாளும் முடிந்ததில்லை.

என் மனைவி சுராயா காய்ச்சல் என்று படுத்தாள். அந்த வாரமே போய்விட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்தோம். பெண்கள் குளிப்பாட்டினார்கள். வெள்ளைத் துணி சுற்றி, முகம் மட்டும் தெரியும்படி வைத்திருந்தார்கள். எல்லோரும் பார்த்து முடித்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். குனிந்து கையை நீட்டினேன். அவளுடைய பெரியப்பா நூர்முகமது என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"தொடாத தம்பி. மவுத்தாயிட்டா நிக்காஹ் முறிஞ்சிடும். மொகத்தப் பாத்துக்க. தொடக் கூடாது."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான்; மனைவி இறந்துவிட்டால் கணவன் தொடக் கூடாது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். வேறு ஊர்களில் வேறு மாதிரி சொல்வார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பிறகு கேள்விப்பட்டு என்ன.

அப்போது மஹீரா கதவோரம் நின்றிருந்தாள். அது மட்டும் நினைவிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். சுராயாவின் தம்பி ஆகிப் தன் வேனை எடுத்து வந்தான். செங்கல்பட்டு பஜாரில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். ஞாயிறு கடைக்கு லீவு. வாய்க்கு லீவு கிடையாது.

"மியூசியமா? இன்னா மச்சான் நீ. கண்ணாடிப் பொட்டிக்குள்ள பழைய பானைய வெச்சிகினு, தொடாதேன்னு போர்டு மாட்டியிருப்பான். அதப் பாக்க ஒரு மனுசன் டீசல் போடணுமா?"

"இது அப்படி இல்ல. தொடலாம்."

"அப்ப சரி. சின்ன வயசுல மெட்ராஸ் மியூசியத்துல ஒரு எலும்பத் தொட்டதுக்கு எங்கக்கா குட்டின குட்டு இருக்கே, இன்னும் வீங்கிகினு கீது. பாக்குறியா பாப்பா?"

தலையைப் பின்பக்கம் திருப்பிக் காட்டினான். மஹீரா அவன் தலையையே பார்த்தாள். கை நீட்டவில்லை. அதற்குப் பிறகு திருக்கழுக்குன்றம் வரை அவனும் பேசவில்லை.

வேனைச் சாலைக்கு எதிர்ப்பக்கம்தான் நிறுத்த முடிந்தது. பாண்டிச்சேரி பஸ்கள் அந்த இடத்தில் வேகமாக வரும். மஹீராவின் மணிக்கட்டைத் துணியோடு பிடித்துக்கொண்டு கடந்தேன். ஆகிப் எதிரே இருந்த பெட்டிக்கடையில் பன்னீர் சோடா ஒன்று வாங்கிக்கொண்டு பின்னால் வந்தான். ஐஸில் கிடந்த பாட்டில். வெளியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

சுற்றிக் காட்ட ஒரு பெண் வந்தாள். பெயர் துர்காதேவி. படாளத்திலிருந்து வருகிறாளாம். கல்லூரியில் படித்துக்கொண்டே சனி ஞாயிறு இங்கே வேலை.

"பாப்பா, இங்க ஒரே ஒரு ரூல்தான். எதையாவது தொடாம வெளிய வுட மாட்டோம்."

"நான் பாத்துட்டுப் போறேன்" என்றாள் மஹீரா.

முதல் கூடத்தில் கயிற்று நாற்காலி. உட்கார்ந்து, தலைக்கு மேல் போகும் கயிற்றை இழுத்தால் உருளைகள் சுற்றி, நம்மை நாமே மேலே தூக்கிக்கொள்ளலாம். குழந்தைகள் சர்சர்ரென்று ஏறி இறங்கினார்கள். ஆகிப் சோடாவை என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தான். இழுத்தான். நாற்காலி அசையவில்லை.

"இழுங்க அண்ணாத்த. இன்னும் கொஞ்சம்."

"இழுத்துகினுதாம்மா கீறேன். கயிறு லூசு."

"கயிறு கரெக்டாத்தான் கீது. நாஸ்தா இன்னா சாப்ட்டீங்க?"

வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். மஹீராவும் சட்டைக் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் உடனே நிறுத்திக்கொண்டாள்.

அடுத்தது மரத்தால் செய்த பறவைகள். வேடந்தாங்கலுக்கு வருகிற நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றும் உட்கார்ந்திருந்த கூட்டை அழுத்தினால் அந்தந்தப் பறவையின் குரல் கேட்கும். மஹீரா வெகு நேரம் நின்றாள். பிறகு முழங்கையால் ஒரு கூட்டை அழுத்தினாள். நாரை கரகரத்தது. அடுத்ததையும் முழங்கையால்.

"உஷாரான பாப்பா. கையே படாம வேலைய முடிக்குது" என்றாள் துர்காதேவி.

களிமண் சக்கரங்கள் இருந்த இடத்தை மஹீரா வேகமாகக் கடந்தாள். கருங்கல்லை உளியால் கொத்திப் பார்க்கும் இடத்தையும். வந்தது வீண் என்று தோன்றியது. எனக்கு அதுவும் பெரிதாக வலிக்கவில்லை. எதுவுமே அப்போதெல்லாம் பெரிதாக வலிக்காது.

கடைசியில் மங்கலான ஓர் அறை. ஒரு பக்கம் முழுக்கக் கறுப்புச் சுவர். உடம்புச் சூடு பட்டால் நிறம் மாறும் பூச்சு பூசியிருந்தார்கள். கையை வைத்து எடுத்தால் பச்சையாக அச்சு விழும். சற்று நேரத்தில் தானே மறைந்துவிடும். துர்காதேவி வைத்துக் காட்டினாள். ஐந்து விரலும் தெளிவாக விழுந்தன. மஹீரா ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"தள்ளு, நான் வெக்கிறேன்" என்றான் ஆகிப். சோடா பாட்டில் மறுபடி அவன் கைக்குப் போயிருந்தது. அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது உள்ளங்கையைச் சுவரில் அழுத்தினான். எடுத்தான். சுவர் கறுப்பாகவே இருந்தது.

"இன்னா அண்ணாத்த, உயிரோடதான கீறீங்க?"

"ஐஸ் பாட்டிலப் புடிச்சிகினு இருந்தேன்ல. அதான் வெறச்சிப் போச்சு" என்று கையைச் சட்டையில் தேய்த்தான்.

மஹீரா துர்காதேவியைப் பார்த்துக் கேட்டாள். "உயிர் இல்லன்னா அச்சு வராதா?"

துர்காதேவிக்கு எங்கள் விஷயம் தெரியாது. இருந்தும் அந்தக் கேள்வியில் ஏதோ புரிந்து, என்னைப் பார்த்தாள்.

"சூடு இல்லன்னா வராது பாப்பா" என்றாள் மெதுவாக.

"அம்மாவுக்கு வராது. அம்மா கன்னம் அந்த பாட்டில் மாதிரி இருந்துச்சு."

ஆகிப் கை தேய்ப்பதை நிறுத்தினான்.

நான் தரையில் உட்கார்ந்தேன். அவள் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது.

"நீ தொட்டியா?"

சட்டைக் கைக்குள் விரல்கள் சுருண்டுகொண்டன.

"திட்ட மாட்டேன். சொல்லு."

"தெரியாம தொட்டுட்டேன் அத்தா. அம்மா தூங்குறாங்கன்னு நெனச்சேன். அப்பறம்தான் தாத்தா உங்ககிட்டத் தொடக் கூடாதுன்னு சொன்னாரு. நான் முன்னாடியே தொட்டுட்டேன். கழுவினேன். போகல."

"என்ன போகல?"

"தப்பு."

பக்கத்துக் கூடத்தில் யாரோ கருங்கல்லைக் கொத்திக்கொண்டிருந்தார்கள்.

"அம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிடுமா?" என்றாள். "அல்லாஹ் கோவிச்சிக்குவாரா? அம்மாகிட்ட?"

நூர்முகமது சொன்னது எனக்கு. இவள் அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். சுராயா இறந்த மழைக்காலம் போய் வெயில் வந்துவிட்டது. இவ்வளவு நாளும் அந்தக் கையோடு பள்ளிக்கூடம் போய், அந்தக் கையோடு தூங்கியிருக்கிறாள். ஒரே வீட்டில்தான் இருந்தோம்.

"அது எனக்குச் சொன்னது, மஹீரா. உனக்கு இல்ல."

"உங்களுக்கு மட்டும் ஏன்?"

"நானும் அம்மாவும் நிக்காஹ் பண்ணிக்கிட்டோம். இறந்துட்டா அது முடிஞ்சிடும்னு சொல்றாங்க. உனக்கு அப்படி இல்ல. நீ அவ வயித்துல இருந்தவ. உனக்கு எதுவும் முடியாது. நீ தொடலாம். யாருமே உன்ன வேணாம்னு சொல்லல."

அவள் ஆகிப்பைப் பார்த்தாள்.

"மெய்தான் பாப்பா" என்றான் அவன். "நானும்தான் தொட்டேன். காலத் தொட்டேன். அக்காதான எனுக்கு. தாத்தா பாத்துகினுதான் இருந்தாரு. ஒண்ணும் சொல்லல." பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போனான். துர்காதேவியும் வாசலுக்குப் போய், உள்ளே வரப் பார்த்த குழந்தைகளை வேறு பக்கம் அனுப்பினாள்.

யாரிடமாவது கேட்க வேண்டும் என்று நான் வைத்திருந்த கேள்வி ஒன்று இருந்தது. குளிப்பாட்டிய பெண்களிடம் கேட்க முடியவில்லை. கேட்கக் கூடியதும் இல்லை.

"எப்படி இருந்துச்சு? அம்மா கன்னம்."

யோசித்தாள்.

"சில்லுன்னு. ஆனா மெத்துன்னுதான் இருந்துச்சு. எப்பவும் மாதிரி. பவுடர் வாசன இல்ல. வேற ஏதோ வாசன."

"கற்பூரம்."

"ம்."

"எந்தக் கையால?"

வலது சட்டைக் கை மெல்ல மேலே போனது. உள்ளங்கை தெரிந்தது. கழுவிக் கழுவி விரல் நுனித் தோல் வறண்டு வெளுத்திருந்தது. அதை வாங்கிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. நானாகப் பிடிக்கவில்லை.

அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். கையை வைத்தாள். பல்லைக் கடித்து அழுத்தினாள். எடுத்தபோது சின்ன அச்சு ஒன்று பச்சையாக நின்றது. அது மங்கும் வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"போயிடுச்சு" என்றாள்.

"மறுபடி வெச்சா வரும்."

வைத்தாள். வந்தது. இடது கையையும் வைத்தாள். பிறகு நெற்றியை வைத்துப் பார்த்தாள். நெற்றியும் விழுந்தது.

வெளியே வரும் வழியில் களிமண் சக்கரத்தின் முன் நின்றாள். துர்காதேவி ஒன்றும் கேட்காமல் ஒரு கட்டி மண்ணை நடுவில் வைத்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். மஹீரா முதலில் ஒரு விரல் வைத்தாள். மண்ணில் பள்ளம் விழுந்தது. பிறகு இரண்டு கையையும் போட்டாள். கிண்ணம் என்று தொடங்கியது ஒரு பக்கம் சாய்ந்து படுத்துவிட்டது.

"இன்னா பாப்பா இது?" என்றான் ஆகிப். முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தான்.

"உங்க தலையில வீங்கியிருக்குன்னு சொன்னீங்கல்ல. அது."

"எங்கக்கா பொண்ணுன்றது சரியாத்தான் கீது" என்றான்.

கை கழுவும் குழாய் வாசலருகே இருந்தது. அவள் அந்தப் பக்கம் போகவில்லை. நானும் சொல்லவில்லை.

சாலையோரம் நின்றோம். பாண்டிச்சேரி பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. வழக்கம்போல் மணிக்கட்டைப் பிடிக்கக் கையை நீட்டினேன். அவள் சட்டைக் கையை முழங்கை வரை தள்ளிவிட்டு, விரல்களை என் கைக்குள் கொடுத்தாள். மண் இன்னும் ஈரமாக இருந்தது. பஸ் போகும் வரை காத்திருந்துவிட்டுக் கடந்தோம்.