ஓட்டைக்காசு உருண்ட ஒன்பது நாள்

குழாய்க்காரர் பளபளப்பாக்கிய முதல் காசுக்கு உரியவர் கால் மணி நேரத்தில், பாதி முகத்தில் சவர நுரையோடு வந்து சேர்ந்தார். தெருக்கோடி மருந்துக்கடைக்காரர்தான். எட்டு வயதில் அவர் சாக்கடையில் தவறவிட்ட காசு அது. "ஏன் வந்தேன்னே தெரியல. கால் தானா இழுத்துட்டு வந்துச்சு" என்றவர், காசு கைக்கு வந்ததும் ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டே திரும்பிப் போனார்.

அடைப்பெடுக்கும்போது கிடைத்த கறுத்த காசுகள் குழாய்க்காரரிடம் ஒரு வாளி நிறைய இருந்தன. பழைய சலவை இயந்திரத்தின் மோட்டாரில் பெயின்ட் டப்பா ஒன்றைப் படுக்கவைத்துப் பொருத்தி, பொடிக்கல்லும் தண்ணீரும் சோப்புத்தூளும் போட்டு உருளவிட்டார். செம்போடு சேர்ந்தால் வெள்ளைக்காசு சிவந்துபோகும் என்பதால் இரண்டையும் தனித்தனியாகத்தான் போடுவார். மூன்று மணி நேரம் கடகடத்தால் காசு புதுசாக வெளியே வரும், உரியவர் புறப்பட்டுவிடுவார். பக்கத்துத் தெருக்காரர்கள் உடனே வந்தார்கள், அடுத்த ஊர்க்காரர்கள் மறுநாள். பஸ் ஏற அவர்கள் கால்கள் சம்மதிப்பதில்லை. ஒரு பல் டாக்டர் கையில் இடுக்கியோடு வந்தார். பின்னாலேயே திறந்த வாயோடு நோயாளியும் வந்தார். தெருவில் யாருக்கும் வேலை ஓடவில்லை.

வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்த குழாய்க்காரரின் மனைவி, தையல்காரி, ஒருநாள் வாளியின் அடியில் ஓட்டைக்காசு ஒன்றைக் கண்டு, எடுத்து முந்தானையில் துடைத்துப் பார்த்தாள். அவளுடைய அண்ணன் ஆணியால் ஓட்டைபோட்டுக் கழுத்தில் கட்டியிருந்த காசு. பத்தொன்பது வயதில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு அவன் வீட்டைவிட்டு வெளியேறியபோது, கயிறு அறுந்து சாக்கடைக்குள் விழுந்தது. இருபத்தாறு வருடமாக ஒரு கடுதாசி இல்லை. காசை அவள் பட்டன் டப்பாவில் ஒளித்துவைத்தாள்.

"போட்டுப் பாத்துடலாமே" என்றார் கணவர்.

"யாரும் வரலேன்னா? எங்கேயோ நல்லா இருக்கான்னு இப்பவாவது நெனச்சுக்கிறேன். அதையும் புடுங்கிக்காதீங்க."

அவர் அதன்பிறகு கேட்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சட்டைக்குக் காஜா எடுத்து முடித்து டப்பாவைத் துழாவியவளின் கையில் பட்டனுக்குப் பதில் காசு வந்தது. "இருந்தா வரட்டும், இல்லேன்னா அழுதுட்டுப் போறேன்" என்று சத்தமாகச் சொல்லி, அவளே உருளையில் போட்டு மூடினாள்.

காசு நிலாத்துண்டாக வெளியே வந்தது. அன்று யாரும் வரவில்லை. மறுநாளும் இல்லை. நான்காம் நாள் அவள் சட்டைக்குக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்தாள். ஆறாம் நாள் மருந்துக்கடைக்காரர் வந்து, "வழியில மழையாம்மா, அதான்" என்று பொய் சொன்னார். தெருமுனையில் முறைவைத்து ஆட்கள் நின்றார்கள். ஒன்பதாம் நாள் உச்சிவெயிலில் "வர்றாரு! வர்றாரு!" என்ற கூச்சல் வீடு வீடாகத் தாவி வந்தது.

சமையல் ஏப்ரனும் அறுந்த செருப்புமாக, கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல், நரைத்த மனிதர் ஒருவர் வாசலில் நின்றார்.

"அடியே வாலு, நீதானா? அடுப்புல பாலை வெச்சுட்டு வந்தேன்டி!"

"ஒம்போது நாளாச்சுண்ணே. இந்நேரம் பொங்கியிருக்கும்."

அவள் முதலில் அழுதாளா சிரித்தாளா என்பதில் தெரு இன்றும் இரண்டு கட்சிதான். மறுநாள் அண்ணனும் குழாய்க்காரரும் கடைக்குப் போய், காசு தேடி வருகிறவர்கள் உட்கார ஆறு நாற்காலிகள் வாங்கிவந்தார்கள். உருளையில் அன்று ஏழு காசுகள் இருந்தன; ஒருவர் நின்றுகொள்ளலாம்.