கடல் சேராத சாப்பாடு

நல்லரெத்தினம் மீன் தின்பதை விட்டு ஐந்து வருஷமாகிவிட்டது. கிழக்கிலங்கையின் பாண்டிருப்புக் கரையில் பிறந்து, தோணியும் வலையுமாக வளர்ந்த ஒருவன் மீன் வேண்டாம் என்றால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். இவனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழிக் காலையில், அவனுடைய ஏழு வயது மகள் நிலாந்தினியை அது கொண்டுபோனது. உடல் கிடைக்கவே இல்லை.

அந்த நாட்களில் கரையோரம் முழுவதும், தமிழர் முஸ்லிம்கள் என்றில்லாமல், ஒருவரும் மீன் வாங்கவில்லை. பாரை மீனின் வயிற்றில், அலையில் போன யாரோ ஒருவரின் மோதிரம் கிடந்ததாம் என்று ஒரு கதை உலாவியது. பார்த்தவன் ஒருவனும் இல்லை, நம்பாதவன் ஒருவனும் இல்லை. நாலைந்து மாதத்தில் பசிதான் ஜெயித்தது. சந்தையில் மறுபடியும் அறுக்குளா மீன் வெட்டினார்கள். நல்லரெத்தினம் மட்டும், மகள் கிடைக்கும்வரை கடலில் இருந்து வரும் எதுவும் தன் வாயில் படாது என்று சத்தியம் பண்ணினான். கடலையும் விட்டான். நிவாரணத்தில் கிடைத்த ஆட்டோவை ஓட்டினான். வீட்டில் மனைவி கேதீஸ்வரி பருப்பும் கத்தரிக்காயும் சமைத்தாள். போன பிள்ளைக்காக அவனால் செய்ய முடிந்த ஒரே காரியம் அந்தச் சத்தியம்தான். அதுவும் போனால் அப்பன் என்று சொல்லிக்கொள்ள அவனிடம் வேறொன்றும் இல்லை.

சண்டை முடிந்த வருஷம், கல்முனை பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில், அப்துல் ஸமட் என்பவர் மலேசியச் சாப்பாட்டுக் கடை திறந்தார். நாலே நாலு மேசை. பதினாறு வருஷம் மலேசியாவின் கிள்ளானில் சமையல் வேலை பார்த்தவர். அலை வந்தபோதும் அங்கேதான் நின்றார். அலையில் இறந்த தங்கை றாஹிலாவை அடக்கி மூன்றாம் நாள்தான் அவருக்குச் செய்தி போனது.

ஒரு மழை நாளில் நல்லரெத்தினம் அந்தக் கடைக்குள் ஒதுங்கினான். ஸமட் சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தார். ரம்பை இலை போட்டுத் தேங்காய்ப்பாலில் அவித்த சோறு, பாதி முட்டை, கெக்கரிக்காய்த் துண்டுகள், வறுத்த கச்சான் கடலை, ஓரத்தில் சிவக்கச் சிவக்கச் சம்பல், மேலே பொரித்த நெத்தலி மீன். நாசி லெமாக் என்று பேர் சொன்னார். அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டான் நல்லரெத்தினம்.

“காக்கா, கடல்ல இருந்து வாற ஒண்டும் எனக்கு வேணாம்.”

ஸமட் ஏன் என்று கேட்கவில்லை. இந்தக் கரையில் அதை யாரும் கேட்பதில்லை. கோப்பையை உள்ளே கொண்டுபோய், நெத்தலி இல்லாமல் வேறு போட்டுக்கொண்டு வந்தார்.

“இப்ப ஒண்டுமில்ல தம்பி. தின்னுங்க.”

சம்பல் முதலில் இனித்தது, பிறகு உறைத்தது. அதற்கும் அடியில் வேறொரு ருசி இருந்தது, அவனுக்குப் பேர் சொல்லத் தெரியாத ருசி. ஐந்து வருஷமாகச் சாப்பாடு என்பது அவனுக்கு ஒரு கடமை. அன்றைக்குத்தான் பசித்துச் சாப்பிட்டான், விரலைச் சூப்பினான், இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்டான். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பிறகு கிழமைக்கு ஒருதரம் போனான், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்று மாதத்தில் கன்னத்தில் சதை வைத்தது.

ஒரு சனிக்கிழமை நேரத்தோடு போய்விட்டான். கடைக்குள் கால் வைத்ததும் வாடை முகத்தில் அடித்தது. கருவாடு காயப்போடும் வாடியின் வாடை. குசினியில் ஸமட் மண்ணிறக் கட்டி ஒன்றைத் தாச்சியில் போட்டு வாட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன காக்கா இது?”

“பெலாச்சான். கூனி இறாலை உப்புப் போட்டு இடிச்சுக் காய வெச்சுச் செய்ற. இது இல்லாட்டிச் சம்பலுக்கு என்ன ருசி…” ஸமட்டின் கை நின்றது. “யா அல்லாஹ். அங்க இத உப்பு, புளி மாதிரித்தான் போடுவாங்க தம்பி. கடல் சாமானெண்டு எனக்கு நெனவே வரல்ல. மாப் பண்ணுங்க.”

அவரோடு கோபிக்க நல்லரெத்தினத்தால் முடியவில்லை. யாரை ஏமாற்றுவது? கரைவலை இழுத்தவனுடைய நாக்கு அது. முதல் நாளே அதற்குத் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே சும்மா இருந்திருக்கிறது. வெளியே வந்து, சாக்கடைக் காணோரம் குந்தித் தொண்டைக்குள் விரலை விட்டான். காலையில் குடித்த தேத்தண்ணிதான் வந்தது. மூன்று மாதமாகத் தின்றது எப்போதோ உடம்பில் ஊறிவிட்டது.

வீட்டில் கேதீஸ்வரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் முன்னால் தரையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அழுகை வந்தது.

“பிள்ளையத் திண்டுட்டன் கேதீஸ். எண்ட பிள்ளைய நானே திண்டுட்டன்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “நான் நாலு வருஷமாத் தின்னிறன். அக்கா வீட்ட போற நாளெல்லாம் எனக்கு மீன்தான்.”

நல்லரெத்தினம் கையை ஓங்கிவிட்டான். “தெரிஞ்சுகொண்டா?”

“ஓம். தெரிஞ்சுகொண்டுதான்.” அவள் முகத்தை விலக்கவில்லை. “பத்து மாசம் எண்ட வயித்துக்குள்ள கிடந்தவள். அந்தத் தண்ணிக்குள்ள தனியக் கிடக்காம மறுகாவும் இஞ்சயே, எண்ட வயித்துக்கே வரட்டும் எண்டுதான் தின்னிறன்.”

ஓங்கிய கை தானாக இறங்கியது. நாலு வருஷமாக இவள் யாரிடமும் சொல்லாமல் தனியே இருந்து தின்றிருக்கிறாள் என்பது மட்டும் அவனுக்கு விளங்கியது.