கிஷ் ஆற்றுக்கு மேலே

…கலர் கண்ணாடி சூப்பர், படத்துக்குக் கீழே அவ்வளவுதானா, அந்தச் சன்னலில் ஓர் ஆணிகூட இல்லை என்பதை எழுதவில்லையே, மரத்துண்டும் கண்ணாடியும் பசைகூட இல்லாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இருநூறு வருடத்துக்கு மேலாக நிற்பது மீராசாவுக்கு எங்கே தெரியும், அஜர்பைஜானில் ஷெகி என்றொரு சின்ன ஊர் இருப்பதே நுஃமான் சொல்லித்தானே தெரியும். கத்தாரின் ராஸ் லஃபானிலிருந்து நுஃமானின் டூட்டி பஸ் கிளம்பிவிட்டது, கைபேசியில் மீராசா கான் அரண்மனை முன்னால் மனைவி உம்மு ஹானியோடு சிரிக்கிறான்… அந்த ஊரைப் பற்றி மூன்று வருடம் படித்தது யார்? 1772-ல் கிஷ் ஆறு பெருகிப் பழைய ஊரை அடித்துப்போனது, தப்பியவர்கள் மேட்டில் வந்து குடியேறியது, எலும்பை உயரத்திலிருந்து பாறையில் போட்டு உடைத்துத் தின்னும் தாடிக் கழுகு… பெருநாளுக்கு இருவரில் ஒருவருக்குத்தான் லீவு என்று சூப்பர்வைசர் சொன்னபோது, புது மாப்பிள்ளை, நீ போய்ட்டு வா என்று சொன்னதும் நுஃமான்தான். ஒரு தடவையாவது மறுப்பான் என்று நினைத்துத்தானே சொன்னான்? மீராசா உடனே கையைப் பிடித்துக்கொண்டான்.

மதியம் மீராசா கேட்டிருந்தான், கூடப்பிறந்த அண்ணனைக் கூப்பிடுவதுபோல், காக்கா, அந்தக் கழுகை எங்கே நின்று பார்ப்பது, நாளைக் காலையில் ஊரைவிட்டுக் கிளம்புகிறோம் என்று. கிஷ் ஆற்றுக்கு மேலே பாறைச்சரிவு, இதை இவன் தூக்கத்தில்கூடச் சொல்வான், கைபேசியில் அடித்தான், அழித்தான், அரண்மனைத் தோட்டத்திலேயே நில், சாயங்காலம் வரும் என்று அனுப்பினான். ஏன்? அதை முதலில் பார்ப்பது யார் என்பதற்காகவா… இப்போது ஒரு குரல் செய்தி.

“காக்கா, ரெண்டு மணி நேரமா நிக்கிறோம், குளிர் தாங்கல. ‘ஒங்க காக்கா கழுகுக்கும் டூட்டி போட்ருக்காரா, டயத்துக்கு வர்றதுக்கு’ன்னு இவ கேலி பண்றா. காக்கா சொன்னா தப்பாதுன்னு சொல்லி நிக்க வச்சிருக்கேன்.”

இன்னும் வெளிச்சம் இருக்கும், டாக்ஸி பிடித்தால் கொஞ்ச தூரம்தான், சொல்லிவிடலாம், எழுத்துக்கள் விரலுக்கடியில் இருந்தன… ‘இன்னும் அரை மணி நேரம் நில்லு.’ இரண்டு நீலக் கோடுகள், படித்துவிட்டான். சரி காக்கா. பஸ் இவன் அறை இருக்கும் நஜ்மாவுக்குள் திரும்பியது, யாரோ இறங்க எழுந்தார்கள், நுஃமான் எழவில்லை, அரண்மனைத் தோட்டத்தின் பெரிய சினார் மரத்தடியில் இருவரும் கழுத்தை நிமிர்த்தி ஒன்றுமில்லாத வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் துப்பட்டாவை இழுத்துப் போர்த்துகிறாள், மூன்று வருடம் படித்தும் அந்தத் தோட்டம் ஒருநாளும் இவனுக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை…